பிழைக்கு இடமளிக்கும் வாசிப்பு: சதியை எள்ளும் புதினங்களும் வாசகர் எதிர்வினைகளும்

1. ஒரு கொடியும் இரு வாசிப்புகளும்

2024 பிப்ரவரி 28ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் அமையவுள்ள இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதனையொட்டி நாளிதழ்களில் வெளியான வாழ்த்து விளம்பரம் ஒன்றில், ஏவூர்தியின் மேல் சீன நாட்டுக் கொடி இடம்பெற்றிருந்தது. விளம்பரம் அளித்தவர் தரப்பு அதனை வடிவமைப்பாளரின் பிழை என்று விளக்கிற்று. எதிர்த்தரப்போ அதனை உள்ளக்கிடக்கையின் வெளிப்பாடாகக் கண்டித்தது. அந்த அரசியல் வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆயின், ஒரு பனுவலில் பொருந்தாத ஒன்றைக் காணும் வாசகர் அதனைப் பிழை எனக் கொள்வதா, குறிப்பு எனக் கொள்வதா என்னும் வினா தமிழாய்வாளருக்குப் புதியதன்று. ஓலைச்சுவடியைக் கையில் எடுத்த பதிப்பாளர் ஒவ்வொருவரும் அவ்வினாவை எதிர்கொண்டே அடுத்த வரிக்குச் சென்றனர்.

இவ்வினாவையே கதைப்பொருளாகக் கொண்ட புதினங்கள் சில உலக இலக்கியத்தில் உண்டு. உலகின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பின்னால் மறைவான ஒரு கூட்டம் இருந்து இயக்குகிறது என்னும் நம்பிக்கையை அவை எள்ளி நகையாடுகின்றன. படிப்பதற்குக் கடினமானவை, பாதியில் நிறுத்தியவர் பலர், மீண்டும் மீண்டும் படித்து அவற்றைப் போற்றும் சிறு வாசகர் வட்டமும் அவற்றுக்கு உண்டு. இவற்றுக்கு எழுந்த வாசகர் எதிர்வினைகளைத் தமிழிலக்கிய மரபின் துணைகொண்டு நோக்கவேண்டும் என்பதும், அந்நோக்கு நம் ஆய்வுமுறைக்கே ஒரு திருத்தத்தைத் தரவல்லது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. எள்ளப்பட்டதையே நம்பிய வாசகர்

அமெரிக்க இதழொன்றின் வாசகர் பகுதியில் பணியாற்றிய ராபர்ட் ஷே, ராபர்ட் ஆன்டன் வில்சன் ஆகிய இருவருக்கும் சதிகளைப் பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வந்தன. ஒன்றோடொன்று முரண்படும் இக்கடிதங்கள் அனைத்தும் ஒருசேர உண்மையாக இருந்தால் உலகம் எப்படியிருக்கும் என்ற வேடிக்கைக் கற்பனையிலிருந்து 1975இல் ‘இல்லுமினேட்டஸ்!’ என்னும் மூன்று பகுதிப் புதினம் பிறந்தது. வாசகர் எதிர்வினையே மூலப்பொருளாகி, புதினமாக வடிவெடுத்து, மீண்டும் வாசகரிடம் சென்ற வட்டம் அது. 1776இல் பவேரியாவில் ஆடம் வைசாப்ட் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே தடைசெய்யப்பட்ட ஒரு சிறு சங்கத்தின் பெயரைப் பரவலாக்கியதில் இந்நூலுக்கும் பங்குண்டு. இன்று தமிழ்ப் பேச்சிலும் ‘இல்லுமினாட்டி’ என்ற சொல் கேலியாகவும் நம்பிக்கையாகவும் வழங்குகிறது. சொல்பவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்பது சில வேளைகளில் அவருக்கே தெளிவாக இருப்பதில்லை.

உம்பர்த்தோ எக்கோவின் ‘ஃபூக்கோவின் ஊசல்’ 1988இல் இத்தாலிய மொழியில் வெளிவந்தது. மிலான் நகரப் பதிப்பகம் ஒன்றில் பணியாற்றும் மூவர், தம்மிடம் வந்து குவியும் மறைபொருள் நூல்களின் கையெழுத்துப்படிகளைப் படித்துச் சலித்து, விளையாட்டாகத் தாமே ஒரு பெருஞ்சதியைக் கட்டமைக்கின்றனர். அதற்கு வித்து, எழுத்துகள் சில அழிந்துபோன பழைய ஏடு ஒன்றின் படி. அவ்விடைவெளிகளை நிரப்பி அதனை இடைக்கால வீரத்துறவியரின் இரகசியத் திட்டமாக ஒருவர் படிக்கிறார். லியா என்னும் பெண்ணோ அதனை ஒரு வணிகர் சரக்கு ஒப்படைப்பதற்கு எழுதிவைத்த பட்டியலாகப் படிக்கிறாள். அவளுடைய வாசிப்பே பொருத்தமானது. ஆயினும் அது சுவையற்றதாக இருப்பதால் எடுபடுவதில்லை. விளையாட்டாகப் புனைந்த திட்டத்தை மெய்யென நம்பியோர் இறுதியில் ஓர் உயிரைப் பறிக்கின்றனர்.

இந்நூலுக்கு வந்த எதிர்வினைகள் பலதிறப்பட்டவை. சல்மான் ருஷ்டி மிகக் கடுமையான மதிப்புரை எழுதினார். இதற்குப் பொருளடைவு ஒன்று தேவை என்றார் ஆந்தனி பர்ஜஸ். நூலின் புலமைச் சுமையைத் தாங்காது விலகியோர் ஒருபுறம். அச்சுமையையே இன்பமாகக் கொண்டோர் மறுபுறம். மூன்றாம் வகையினர் நூலில் எள்ளப்பட்ட செய்திகளையே அறிவுக் கருவூலமாகத் திரட்டிக்கொண்டனர். 2003இல் ‘டாவின்சி கோட்’ வெளிவந்து பெருவெற்றி பெற்றபின், அதன் ஆசிரியர் டான் பிரவுன் தம் புதினத்தின் பாத்திரங்களுள் ஒருவர் என்று எக்கோ வேடிக்கையாகச் சொன்னது இம்மூன்றாம் வகையினரை மனத்தில் கொண்டே எனலாம்.

மூன்றாம் வகையினரை அறியாமையுடையோர் என்று ஒதுக்குவது எளிது. ஆயின் அவர்கள் செய்த பிழையை அங்கதம் என்னும் வகைமையே தூண்டுகிறது என்பதைத் தொல்காப்பியம் வழி அறியலாம். செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்தும். முன்னது வெளிப்படையான வசை. பின்னது சொல்ல வந்ததை மொழியினுள் கரந்துவைப்பது. பழிகரப்பைப் படிப்பவர் கரந்ததைத் தேடியே ஆகவேண்டும். தேடாதவருக்கு அங்கதம் புலப்படாது. எனவே மறைபொருள் தேடுவோரை எள்ளும் நூல், தன் வாசகரையும் மறைபொருள் தேடுமாறே பணிக்கிறது. எவ்விடத்தில் தேடலை நிறுத்துவது என்பதை நூல் சொல்வதில்லை. வாசகர் எதிர்வினைகள் வேறுபடுவதற்கு அவர்தம் அறிவளவைக் காட்டிலும் இந்த நிறுத்தும் இடமே பெரிதும் காரணமாகிறது.

3. தமிழில் இரண்டு புதினங்கள்

சதி நம்பிக்கையை நேரே எள்ளும் இத்தகு பெரும்புதினம் தமிழில் பரவலாக அறியப்படவில்லை எனினும், கடினமும் அங்கதமும் கூடி, பற்றுடைய வாசகர் வட்டத்தை ஈட்டிய நூல்கள் உண்டு. முதன்மையானது சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. 1981இல் க்ரியா வெளியிட்ட இந்நூல், ஜோசஃப் ஜேம்ஸ் என்னும் மலையாள எழுத்தாளனின் வாழ்வைப் பாலு என்னும் தமிழ் எழுத்தாளன் தேடித் தொகுப்பதாக அமைந்தது. ஜே.ஜே. இறந்த நாள் ஆல்பெர் காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள் என்று வரலாற்று நாளோடு பிணைத்துச் சொல்லப்படுகிறது. பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பாக விரிகிறது. புனைவுக்கு மெய்வரலாற்றின் தோற்றம் தரும் உத்தி இது.

வாசகர் பலர் இவ்வுத்தியின் எதிர்பார்ப்பை மீறியே செயற்பட்டனர். ஜே.ஜே. யார் என்ற தேடல் தொடங்கியது. மலையாள நாடகாசிரியரும் சிந்தனையாளருமான சி.ஜே. தாமஸ் (1918–1960) என்று பலர் கூறினர். பெயரமைப்பும் இறந்த ஆண்டும் அதற்கு இடந்தந்தன. ஏனைய பாத்திரங்களுக்கும் மெய்யான எழுத்தாளர்களின் பெயர்கள் பொருத்திப் பார்க்கப்பட்டன. முற்போக்கு இலக்கியம் பற்றிய அங்கதத்தைத் தம்மீதான தாக்குதலாக இடதுசாரி வாசகர் கண்டனர். கல்கியின் புனைவுலகைக் குத்திக்காட்டும் இடத்தை நினைத்து நினைத்துச் சிரித்தோரும் உண்டு. அந்நடையைப் பின்பற்றி எழுதிப் பார்த்த இளைஞரும் பலர். பாத்திரத்திற்கு மூலமனிதரைத் தேடிய வாசகரின் உழைப்பு பயனற்றதன்று. அதனால் மலையாள அறிவுலகோடு தமிழ் வாசகருக்கு ஓர் அறிமுகம் வாய்த்தது. ஆயினும் மூலமனிதரைக் கண்டதும் நூல் முடிந்துவிட்டது என்று கருதியோர், தமிழ்ச்சூழலைப் பற்றி அந்நூல் எழுப்பிய வினாவைக் கைநழுவவிட்டனர். பூட்டைத் திறந்தவர் வீட்டினுள் நுழையாமல் திறவுகோலோடு திரும்பியது போன்றது அது.

இரண்டாவது, ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (1999). கட்சி வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்ட வீரபத்ர பிள்ளை என்பவரின் பெயரைத் தொழிற்சங்கத் தலைவர் அருணாசலம் கண்டடைகிறார். அழிக்கப்பட்டவரின் எழுத்துகளின் வழியே சோவியத் தலைவர் புகாரினின் கதை விரிகிறது. கடிதம், கதை, கவிதை, அங்கத நாடகம் எனப் பல வடிவங்கள் கலந்த பெருநூல். இதனை இடதுசாரி வாசகர் பலர் அவதூறாகவும், வேறு சிலர் அறம் குறித்த விசாரணையாகவும் படித்தனர். நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று இதன் வரலாற்றுப் பின்புலத்தில் உள்ளது. புகாரின் சதிகாரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு 1938 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1988இல், அவர்மீதான குற்றம் நீக்கப்பட்டது. இங்கே சதியைக் கற்பனை செய்தது திண்ணைப் பேச்சன்று. காவல்துறையும் நீதிமன்றமும் உடைய ஓர் அரசு. எக்கோவின் புதினத்தில் எள்ளலுக்குரியவர் அதிகாரமற்ற கற்பனையாளர். இப்புதினத்தில் அதே வகைக் கற்பனை அதிகாரத்தின் கையில் இருக்கிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் சதி நம்பிக்கை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து எள்ளுவது பொருந்தாது.

4. உரைமரபு கண்ட எல்லைகள்

எக்கோ தம் புதினத்திற்குப் பின் மிகைவாசிப்பு குறித்துக் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1992இல் நூலாயின. அவர் எழுப்பிய சிக்கலுக்குத் தமிழ் உரைமரபு தனக்கே உரிய முறையில் விடைகண்டிருக்கிறது.

முதலாவது உள்ளுறை. மறைபொருளைச் செய்யுளின் உறுதியான பகுதியாகவே ஏற்ற மரபு நம்முடையது. ஆயினும் கருப்பொருள்களுள் தெய்வம் ஒழிந்த ஏனையவையே உள்ளுறைக்கு நிலைக்களன் என்று அகத்திணையியல் வரையறுக்கிறது. விலங்கும் மரமும் புள்ளும் பறையும் குறிப்புப்பொருள் தரலாம். கண்ணுக்குப் புலனாகாத இயக்குநரை அடித்தளமாகக் கொண்டு மறைபொருள் கட்டுவதற்கு இடமில்லை. காணத்தக்கதைக் கொண்டே காணாததை உய்த்துணரவேண்டும் என்பதாக இதனை விளங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. இது வலிந்த பொருளெனக் கருதுவோர் மறுக்கலாம். மறுப்பதற்குச் சூத்திரம் முன்னே இருக்கிறது என்பதே இவ்வகை வாசிப்பின் வலிமை.

இரண்டாவது மாட்டு. தொலைவில் கிடக்கும் சொற்களை இணைத்துப் பொருள் முடிப்பதற்குத் தொல்காப்பியம் இடந்தருகிறது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டு உரையில் இதனைப் பரக்கக் கையாண்டார். 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டிலும் அடிகளை முன்பின்னாக எடுத்து அவர் இணைத்த முறையை மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியுரையில் மறுத்து, பாட்டு கிடந்தபடியே பொருள் காண முயன்றார். எதனையும் எதனோடும் இணைக்கலாம் என்றால் பாட்டு தன் வடிவை இழக்கும் என்பது அம்மறுப்பின் உட்கிடை. எக்கோவின் மூவரும் செய்தது எல்லையற்ற மாட்டு என்றால் மிகையாகாது. உரைகாரரின் இணைப்பை வேறொருவர் பாட்டைக் காட்டி மறுக்க முடிந்தது. சதி நம்பிக்கையின் இணைப்பை அவ்வாறு மறுக்க இயலாது. மறுப்பவரும் சதியின் ஓர் அங்கமாகிவிடுவார்.

மூன்றாவது, ஏட்டுப்பிழை. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கையில் குறிஞ்சிப்பாட்டின் பூப்பெயர்ப் பகுதியில் சில அடிகள் விடுபட்டிருப்பதைக் கண்டார். அவர் அவ்விடைவெளியைத் தம் புலமையால் நிரப்பவில்லை. வேறு ஏடு தேடினார். தருமபுர ஆதீன ஏட்டில் விடுபட்ட பெயர்கள் கிடைத்தன. எக்கோவின் புதினத்தில் அழிந்த எழுத்துகளை விருப்பத்தால் நிரப்பியவரையும், குறிஞ்சிப்பாட்டின் இடைவெளியோடு காத்திருந்த பதிப்பாசிரியரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் துறையின் அறம் எது என்பது விளங்கும். ஏடெழுதுவோர் உறங்குவர், வரியைத் தாண்டுவர், ஒலி மயங்கி எழுதுவர் என்பதை ஒப்புக்கொள்வதே மூலபாட ஆய்வின் தொடக்கம். சதி நம்பிக்கை ஏற்க மறுப்பதும் இதனையே. அதன் உலகில் எவரும் தவறுவதில்லை. தற்செயல் என ஒன்றில்லை.

இழப்பைப் பற்றிய நம் பேச்சுக்கும் இது பொருந்தும். தமிழ்நூல்கள் அழிந்தமைக்குப் பகைவரின் திட்டமிட்ட செயலே காரணம் என்று உறுதியாகச் சொல்லும் கட்டுரைகளை நாம் அடிக்கடி காண்கிறோம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளைத் தேடிச் சென்ற சாமிநாதையர், பழுதுற்ற ஏடுகளை ஆகமவிதி என்று கருதி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதைக் கேட்டு வருந்திய செய்தி ‘என் சரித்திரம்’ நூலில் உள்ளது. அங்கே பகைவர் இல்லை. புனிதம் எனக் கருதிச் செய்த ஒரு வழக்கமே அழிவாயிற்று. கரையானும் ஈரமும் பேணாமையும் செய்த அழிவுக்கு முகமில்லை. முகமற்ற இழப்பைத் தாங்குவது கடினம். ஆகவே ஒரு முகத்தை வரைந்துகொள்கிறோம். இத்தேவை இரங்கத்தக்கது, ஆயினும் சான்றாகாது.

5. ‘சதி’ என்னும் சொல்லின் ஊர்

மேற்கண்டவற்றால் ஐயம் அனைத்தும் நோய் என்ற முடிவுக்கு வருதல் பிழை. அதனைத் தடுப்பதற்குக் குலசேகரன்பட்டினமே போதும். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது இவ்வூர் உப்பளத்தில் நடந்த மோதலில் லோன் என்னும் ஆங்கிலேய உப்புத்துறை அதிகாரி கொல்லப்பட்டார். தொடர்ந்த வழக்கு குலசேகரன்பட்டினம் சதி வழக்கு எனப் பெயர்பெற்றது. காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய இருவருக்கும் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நிறைவேற்றப்படவில்லை. 1911இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த வழக்கும் திருநெல்வேலிச் சதி வழக்கு என்றே வழங்கிற்று. 1929இல் மீரட்டில் தொடங்கிய வழக்கின் பெயரும் அதுவே.

இப்பகுதி மக்களின் நினைவில் ‘சதி’ என்பது முதற்கண் ஆட்சியாளர் தம்மைச் சுட்டிய சொல். பலர் கூடி விடுதலைக்காக முனைந்ததனைக் குற்றமாக்கிய சட்டச்சொல் அது. மெய்யாகவே மறைவில் கூடித் திட்டமிட்டோரும் இவ்வரலாற்றில் உண்டு. சங்கிலியில் வலிந்து கோக்கப்பட்டோரும் உண்டு. ஆதலின், ஐரோப்பியப் புதினத்தின் எள்ளலை அப்படியே இங்குக் கொண்டுவந்து, ஐயுறுவோரையெல்லாம் நகைப்புக்குரியோராக்கினால், அங்கதம் அதிகாரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ‘பின்தொடரும் நிழலின் குரல்’ எழுப்பிய வினாவும் இதுவே.

ஏவுதளத்தையே எடுத்துக்கொள்வோம். இவ்வூர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு வெளிப்படையான புவியியல் காரணம் உண்டு. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவும் சிறு ஏவூர்திகள் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லத் தேவையில்லை, எரிபொருள் மிச்சமாகும். மறைகாரணம் தேடுவோர் முதலில் இதனை எதிர்கொள்ளவேண்டும். ஆயின் ஏவுதல் நாள்களில் கடலுக்குப் போகத் தடை வருமா, வந்தால் எத்தனை நாள், அந்நாள்களின் கூலிக்கு யார் பொறுப்பு என்று கட்டுமரக்காரர் கேட்பது வேறு வகைச் சொல்லாடல். அவ்வினாக்களுக்கு ஆவணத்தால் விடை கூறமுடியும்; விடை வந்தால் வினா நின்றுவிடும். விடை வந்தாலும் நிற்காத வினாவே சதி நம்பிக்கை. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் மீனவரின் நியாயமான கேள்வியையும் வதந்தி என்று தள்ளிவிடுவர்.

6. செய்யவேண்டுவன

இக்கருத்துகளிலிருந்து தமிழ்த்துறைகளுக்கு இரண்டு வேண்டுகோள்கள் எழுகின்றன.

ஒன்று, வாசகர் எதிர்வினைகளை ஆய்வுத்தரவாக ஏற்றல். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ பற்றிய நம் ஆய்வேடுகள் உத்தி, நடை, பாத்திரப்படைப்பு என்ற தலைப்புகளில் நிறைவடைகின்றன. அந்நூலைச் சுற்றி எழுந்த சிற்றிதழ்ச் சொற்போர்கள், வாசகர் கடிதங்கள், விளிம்பில் குறிப்பெழுதிய நூலகப் படிகள் ஆகியன பின்னிணைப்பளவிலும் இடம்பெறுவது அரிது. உரையாசிரியர் என்போர் எழுதிவைத்த வாசகரே. சேனாவரையர் இளம்பூரணரை மறுத்ததை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் நாம், 1981இன் வாசகர் ஒருவர் மற்றொருவரை மறுத்ததை ஏன் கொள்ளலாகாது? சிற்றிதழ்த் தாள் ஓலையைக் காட்டிலும் விரைவில் நொறுங்கும். இத்தலைமுறைக்குள் தொகுக்காவிடின், பின்னர் அவ்விழப்புக்கும் யாரேனும் ஒரு சதியைக் காரணங்காட்டுவர்.

மற்றொன்று, நம் ஆய்வுரைகளையே இவ்வளவையால் சோதித்தல். ஒலியொப்புமை ஒன்றைக் கொண்டு உலக மொழிகளையெல்லாம் ஒரே வேரில் முடிச்சிடும் கட்டுரையையும், கிடைக்காத நூலின் உள்ளடக்கத்தை உறுதியாகக் கூறும் கட்டுரையையும் மதிப்பீட்டாளர் மேசையில் வைக்கும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். இக்கருத்து தவறாயின், தவறு என எது காட்டும்? இதன் சான்றுகளுள் எவையேனும் ஏட்டுப்பிழையாகவோ தற்செயலாகவோ இருக்கக்கூடும் என ஆய்வாளர் எண்ணிப்பார்த்தாரா? லியாவின் சரக்குப் பட்டியல் போன்ற எளிய விளக்கம் ஒன்று இருக்குமாயின் அதனை முதலில் விலக்கிக் காட்டினாரா?

இவ்வினாக்கள் இக்கட்டுரைக்கும் உரியன. அங்கதம், உள்ளுறை, மாட்டு, ஏட்டுப்பிழை, உப்பள வழக்கு, விளம்பரத்துக் கொடி என விலகிக்கிடப்பவற்றை இதுவும் ஒரு கயிற்றில் கோத்திருக்கிறது. இக்கோவையில் எந்த மணி பொருந்தவில்லை என்று அறிந்தோர் சுட்டிக்காட்டினால், அதனைக் கழற்றிவைத்துவிட்டு எஞ்சியவற்றைக் கொண்டு மேலும் ஆராயலாம்.